ஓதம் ஏறிய அறை: கோத்தகிரி பங்களா ஒன்றின் உள்வடிவமைப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரிக்கு வெளியே, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், தேயிலைச் சரிவின் மேல் நிற்கிறது அந்தத் தோட்ட பங்களா. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். கோவையைச் சேர்ந்த ஒரு குடும்பம் அதை வாங்கி, ஐந்து படுக்கையறைகளையும் உயர்தர விருந்தினர் அறைகளாக்கி அடுத்த ஏப்ரல்-மே சீசனுக்குத் திறக்க நினைத்தது. வடிவமைப்பாளரிடம் உரிமையாளர் சொன்னது ஒரே வரி: "உள்ள வந்து உக்காந்தா நீலகிரியில இருக்கோம்னு தெரியணும். ஆனா ஸ்டார் ஹோட்டல் வசதி ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

கட்டடத்தின் எலும்புக்கூடு நல்லது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய 18 அங்குலக் கருங்கல் சுவர். தகரக் கூரை, அதன் கீழே பலகைச் சீலிங். ஹாலிலும் மூன்று அறைகளிலும் தேக்குப் பலகைத் தரை. அதற்கும் மண்ணுக்கும் இடையே இரண்டடி வெற்றிடம், அதில் காற்று ஓட வெளிச்சுவரின் அடியில் வார்ப்பிரும்புக் கம்பியிட்ட சிறு ஓட்டைகள். நான்கு கணப்பு அடுப்புகள். கிழக்கே கண்ணாடி வராந்தா.

இதன்மேல் 1990களில் ஒருவர் 'மராமத்து' செய்திருந்தார். உள்ளும் புறமும் சிமென்ட் பூச்சு, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட். மற்ற இரண்டு அறைகளில் பலகையை எடுத்துவிட்டு விட்ரிஃபைடு டைல்ஸ். மூன்று கணப்புகளைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. சுவரை ஒட்டி இரண்டடி உயரத்துக்கு மண் கொட்டிப் பூச்செடி.

முதல் வரைபடம்

சமவெளியில் நல்ல பெயர் எடுத்த வடிவமைப்புக் குழு அது. வரைபடமும் பார்வைக்குக் குறையில்லாமல்தான் இருந்தது. படுக்கையின் தலைமாட்டுச் சுவர் முழுக்க வால்நட் வெனீர் (பிளைவுட்டில் ஒட்டும் மெல்லிய மரத்தோல்) பேனல். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். கணப்பு இருந்த இடத்தில் தீ எரிவது போல் காட்டும் மின் அடுப்பு. தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ். வராந்தாவில் செட்டிநாட்டு மரத்தூண். நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் எம்பிராய்டரிக் கோலங்களைப் பெரிதாக்கி அச்சிட்ட வால்பேப்பர். தோட்டத்தில் தோடர் கோயிலின் அரைப்பீப்பாய் வடிவத்தில் ஒரு ஸ்பா அறை. சமையலறையிலிருந்து தோட்டத்துக்கு முழு உயரக் கண்ணாடிக் கதவு.

ஆத்தங்குடி டைல் காரைக்குடி வெயிலுக்காகப் பிறந்தது. வெறுங்காலில் நடந்தால் குளிர்ச்சி தரும், அதற்காகத்தான் அது. நவம்பர் இரவில் 11, 12 டிகிரிக்கு இறங்கும் ஊரில் அந்தக் குளிர்ச்சி யாருக்கு வேண்டும் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

மாதிரி அறை

ஐந்தையும் ஒரே மூச்சில் செய்யாமல் வடமேற்கு மூலையிலிருந்த 4ஆம் அறையை மட்டும் மாதிரியாக முடித்துப் பார்க்கலாம் என்று உரிமையாளர் சொன்னார். இந்த வேலையில் எடுத்த முடிவுகளிலேயே அதிகப் பணத்தைக் காப்பாற்றியது இதுதான்.

ஜூனில் தொடங்கி ஜூலைக் கடைசியில் அறை முடிந்தது. ஆகஸ்டில் போய்ப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. 'மழைக்காலத்தையே தாண்டிவிட்டது' என்று எழுதி, மற்ற நான்கு அறைகளுக்கும் பொருள் வாங்க ஒப்புதல் கேட்டார்கள்.

சறுக்கல் இங்கேதான். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் மறித்துக்கொள்வதால், ஜூலையில் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும் மழை கோத்தகிரிக்கு வருவதில்லை. மூடுபனியும் சாரலும்தான் வரும். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு உண்மையான மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. ஊட்டியின் ஜூலையை மனத்தில் வைத்துக் கோத்தகிரி அறைக்குத் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

கவனித்தவை

அக்டோபர் மூன்றாம் வாரம் மழை பிடித்தது. நவம்பர் நடுவில் உரிமையாளரின் உறவினர் இருவர் அந்த அறையில் இரண்டு இரவு தங்கினார்கள். முதல் புகார் காலையிலேயே வந்தது: "போர்வை துவைச்சுக் காயாத மாதிரி இருக்கு." அடுத்த வாரம் வடிவமைப்பாளரும் ஆசாரியும் நேரில் வந்து பேனலைக் கழற்றினார்கள்.

பேனலின் பின்புறம் கருப்பாகப் பூஞ்சை. தரையிலிருந்து நான்கடி வரை அடர்த்தியாக, மேலே புள்ளி புள்ளியாக. வெனீரின் கீழ் விளிம்பு கொப்பளித்து எழும்பியிருந்தது. பிளைவுட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை பெற்ற, கொதிநீரையும் தாங்கும் வகை. விட்டது மேலே வெனீரை ஒட்டிய பசை. நல்ல பிளைவுட் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

வால்பேப்பர் மூட்டுகளில் பிரிந்து சுருண்டிருந்தது. உரித்தபோது அதன் பின்னால் சிமென்ட் பூச்சில் உப்பு பூத்திருந்தது. மெத்தையின் அடிப்பக்கம் சாம்பல் நிறப் படலம். அலமாரியின் தேக்கு இழுப்பறைகள் ஆறில் நான்கு திறக்கவில்லை.

அந்த இழுப்பறைகளின் கணக்கு சுலபம். கோவைப் பட்டறையில் அவை ஏறக்குறைய 11 சதவீத ஈரத்தில் செய்யப்பட்டவை. நவம்பரில் இங்கே ஈரமானியில் 19 காட்டின. ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் தேக்குப் பலகை அகலவாட்டில் ஆயிரத்துக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும். 200 மி.மீ. உயர முகப்புப் பலகைக்கு 8 சதவீத ஏற்றம் என்றால் 3 மி.மீ. ஆசாரி விட்டிருந்த இடைவெளி 1.5 மி.மீ. பட்டறையில் அது நேர்த்தி, இங்கே பூட்டு.

அறைக்குள் ஒரு வாரம் வைத்த மானியில் விடியற்காலை ஈரப்பதம் 88 முதல் 94 சதவீதம். வடமேற்குச் சுவரின் உட்பரப்பு 12 டிகிரி. அறைக் காற்று 18 டிகிரியில் 70 சதவீத ஈரத்தோடு இருந்தாலே 12.4 டிகிரிப் பரப்பில் நீர் கோத்துக்கொள்ளும். பேனல் போட்டதும் அறையின் சூடு சுவருக்குப் போகாமல் தடுக்கப்பட்டு, சுவர் இன்னும் குளிர்ந்தது. ஆனால் ஈரக்காற்று இடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. குளிர் சுவரை மூடினால் பிரச்சினை மறையும், தீராது.

சூட்டுக்கு வைத்திருந்தது சிலிண்டரில் எரியும் கேஸ் ஹீட்டர், புகைக்குழாய் இல்லாதது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறையிலேயே தங்கும். இரண்டு பேர் தூங்கும்போது விடும் மூச்சு இரவுக்கு அரை லிட்டருக்குக் குறையாது. அறையைச் சூடாக்கவென்று வைத்த பொருளே அறையை நனைத்தது.

இத்தனையும் மேல்மட்டக் காரணங்கள். அடிக்காரணத்தைச் சுட்டியது பக்கத்து ஹட்டியை, அதாவது படகர் ஊரை, சேர்ந்த பெரியவர் ஒருவர். எஸ்டேட்டில் பல ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்தவர். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுப் பூச்செடிப் பக்கம் நின்றார். "இங்க அடியில காத்து ஓட்டை இருக்கணுமே. ஏன் மண்ணு போட்டு மூடினீங்க?"

"செடி வைக்கத்தானுங்க ஐயா, முன்னாடி இருந்தவங்க போட்டது."

"செடி நல்லா இருக்கும். பலகை போயிரும்."

ஓரடி தோண்டியதும் வார்ப்பிரும்புக் கம்பி தெரிந்தது. பதினான்கு ஓட்டைகளில் ஒன்பது மண்ணுக்குள். ஹாலில் ஒரு பலகையைப் பெயர்த்தபோது காளான் வாசனை முகத்தில் அடித்தது. தரையைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில் பதினொன்றின் சுவரோர முனையில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போயிற்று.

நிறுத்திவைக்கும் முடிவு

டிசம்பர் முதல் வாரம் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். வழி இரண்டு. ஒன்று, சுவருக்கு ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) தடுக்கும் ரசாயனப் பூச்சு அடித்து, ஒவ்வோர் அறைக்கும் ஈரம் உறிஞ்சும் மின்கருவி வைத்து, அதே வரைபடத்தோடு ஏப்ரலுக்குத் திறப்பது. மற்றொன்று, எல்லாவற்றையும் உரித்துச் சுவரைக் காயவிட்டுத் தொடங்குவது. தடித்த கல்சுவர் ஒரு பக்கத்திலிருந்து மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. 18 அங்குலத்துக்கு இரு பக்கமும் திறந்துவிட்டால் ஒன்பது மாதம்.

முதல் வழி நிராகரிக்கப்பட்டதற்குப் பணம் காரணமல்ல. உள்பக்கம் நீர் புகாத பூச்சு அடித்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும்; நான்கடியில் நின்ற ஓதம் ஏழடிக்குப் போகும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோவதும் இங்கே புதிதல்ல. கருவி நின்றால் அறையும் நிற்கும்.

இதே கூட்டத்தில்தான் வரைபடத்தின் அடிப்படையும் மாறியது. அதுவரை 'நீலகிரி' என்பது சுவரில் ஒட்டும் கோலமாக இருந்தது. பழைய பங்களாவைக் கட்டியவன் குளிரையும் ஓதத்தையும் மூடுபனி வெளிச்சத்தையும் எப்படிச் சமாளித்தான் என்பதில்தான் ஊரின் சாயல் இருக்கிறது. கணப்பு, பலகைத் தரை, சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி வராந்தா ஆகிய நான்கையும் திரும்ப வேலை செய்ய வைத்தால் பாதி அலங்காரம் தேவைப்படாது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆத்தங்குடியும் தூணும் ஸ்பா அறையும் அன்றே வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டன. தோடரின் பால்மனைக் கோயில்களுக்குள் அவர்கள் வீட்டுப் பெண்களே நுழைவதில்லை. அந்த வடிவத்தில் எண்ணெய் மசாஜ் அறை கட்டுவது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல.

அடிநிலை வேலை: டிசம்பர் முதல் மே வரை

பூச்செடி மண் முழுவதும் அகற்றப்பட்டது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, ஓரடி அகலம் ஒன்றரையடி ஆழத்தில் வாய்க்கால். அடியில் துளையிட்ட 4 அங்குலக் குழாய், நூறடிக்கு ஓரடிச் சரிவு, சுற்றிலும் 20 மி.மீ. ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே வடிதுணி. துணி போடாமல் விட்டால் இரண்டு மழையில் செம்மண் இறங்கிக் குழாய் அடைத்துவிடும்.

அழுகிய கட்டை முனைகளை வெட்டி, பழைய தேக்கில் இரண்டடித் துண்டு சேர்த்துப் போல்ட் போட்டார்கள். சுவருக்குள் போகும் முனை இனி கல்லைத் தொடக் கூடாது என்பதற்காக அடியில் தார்த்தாள், பக்கவாட்டில் அரை அங்குல வெற்றிடம்.

சிமென்ட் பூச்சை உரிக்க ஐந்து வாரம் ஆயிற்று. பிரேக்கர் மெஷின் வைத்தால் சுண்ணாம்புச் சாந்து அதிர்ந்து கல் ஆடும், அதனால் கையுளிதான். மே மாதம் வரை அறைகள் சன்னல் திறந்த நிலையில் கல்லெலும்பாக நின்றன; ஒன்பது மாதக் கணக்கில் மீதி ஈரம், சிமென்ட்டைப் போல அடைக்காத சுண்ணாம்பு வழியாகவும் வெளியேறும். கைவிட்டது ஒரு சீசன்.

சுண்ணாம்பு

நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் மூட மூன்று வாரம் ஊறவைத்தார்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். முதல் கோட் 12 மி.மீ., இரண்டாவது 8, மேல்பூச்சு 3. கோட்டுக்குக் கோட் குறைந்தது பத்து நாள் இடைவெளி.

பூச்சு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடந்தது. கோத்தகிரியின் அந்த மூடுபனி மாதங்கள் சுண்ணாம்புக்குத் தோதானவை. வெயில் சுருட்டாது, மழை கரைக்காது. ஆனாலும் 2ஆம் அறையில் தவறிற்று. தெற்குச் சுவரில் இரண்டாம் கோட் போட்ட மறுநாள் மேகம் விலகிக் காற்றும் வெயிலும் அடித்தன. ஞாயிற்றுக்கிழமை, ஈரச்சாக்கு கட்ட ஆளில்லை. திங்கள் காலை சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு. தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம். மேல்பூச்சு போட்டு மூடிவிடலாம் என்றார் கொத்தனார். மூடியிருந்தால் ஆறு மாதத்தில் தகடாக விழுந்திருக்கும். எட்டுக்குப் பத்தடி உரித்து மறுபடி போடப்பட்டது.

வண்ணத்துக்கு முதலில் சாம்பல் நிறம் எடுத்திருந்தார்கள், 'பனியின் நிறம்' என்று. இரண்டடிச் சதுரப் பலகைகளில் ஐந்து வண்ணம் பூசி, காலை ஏழு மணிப் பனியிலும் நடுப்பகலிலும் விளக்கொளியிலும் பார்த்தபோது சாம்பல் முதலில் தோற்றது. மூடுபனி வெளிச்சமே நீலம் கலந்தது. அதில் சாம்பல் சுவர் ஆஸ்பத்திரியாகிவிடுகிறது. தேர்வானது துளி மஞ்சள் மண் கலந்த சுண்ணாம்பு வெள்ளை. கணப்புச் சுவருக்கு மட்டும் செம்புப் பழுப்பு. பிப்ரவரி, மார்ச்சில் சோலை மரங்கள் தளிர்விடும்போது காடு பூண்டுகொள்கிற நிறம் அது.

மரமும் தரையும்

டைல்ஸ் போட்ட இரு அறைகளுக்கும் பலகைத் தரை திரும்பியது. பார்வை மறைக்கிறது என்று எஸ்டேட்டின் இரண்டு சில்வர் ஓக்கை வெட்டி அதையே தரைக்குப் பயன்படுத்தும் யோசனை ஒன்று இருந்தது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. சொந்த நிலமானாலும் அனுமதி வேண்டும். அதோடு சில்வர் ஓக்கை வண்டு எளிதில் துளைக்கும். யோசனை கைவிடப்பட்டு, இடித்த கட்டடங்களின் தேக்கு மேட்டுப்பாளையம் பழைய மரக்கடையில் வாங்கப்பட்டது.

அகலம் 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்பது கண்டிப்பு. வெயிலுக்கும் மழைக்கும் இடையே மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் 4 அங்குலப் பலகை முக்கால் மில்லிமீட்டர் அசையும், இடுக்கு கண்ணுக்கு உறுத்தாது. 8 அங்குலமானால் ஒன்றரை. அந்த இடுக்கில் சீப்பே விழும். போடுவதற்கு முன் அதே அறையில் குறுக்குக் குச்சி வைத்து ஆறு வாரம் அடுக்கிவைத்தார்கள், ஈரமானி 13, 14 சதவீதத்தில் நிலைக்கும் வரை. சுவரோரம் 12 மி.மீ. இடைவெளி, அதை ஸ்கர்ட்டிங் மறைக்கும். மேலே மெழுகு கலந்த எண்ணெய்ப் பூச்சு. பாலிஷ் கடைக்காரர் சொல்லும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு பளபளவென்று இருக்கும், ஆனால் அடியிலிருந்து ஈரம் வந்தால் தோல் உரியும். உரிந்த இடத்தை மட்டும் திருத்த முடியாது.

அலமாரிகள் உட்சுவருக்கு மாறின. கதவுக்குப் பட்டைப்பலகை. இழுப்பறைக்கு 4 மி.மீ. இடைவெளி; கோடையில் பார்த்தால் ஆசாரிக்கு அவமானமாகத்தான் இருக்கும். பழைய பங்களாக்களில் அலமாரிக்குள் எந்நேரமும் ஒரு பல்பு எரியவிடுவார்கள், துணி பூக்காமலிருக்க. அதே வேலைக்கு 25 வாட் சூட்டுக்கம்பி ஒன்று அலமாரிக்கு அடியில்.

தீ

அடைத்த மூன்று கணப்புகளும் திறக்கப்பட்டன. ஒன்றில் தேன்கூடு, ஒன்றில் பறவைக் கூட்டின் குச்சி ஒரு சாக்கு. புகைச் சோதனையில் 3ஆம் அறையின் புகைபோக்கி நடுவில் வெடித்திருப்பது தெரிந்தது. படுக்கையறைச் சீலிங்குக்குள் புகை வந்தது. அங்கே திறந்த தீ கிடையாது. கண்ணாடிக் கதவுள்ள வார்ப்பிரும்பு அடுப்பும், பழைய புகைபோக்கிக்குள் 6 அங்குல எவர்சில்வர் குழாயும் போட்டார்கள். செலவு பார்க்கையில் மற்ற இரண்டுக்கும் இதையே செய்வது மேல் என்று தெரிந்தது. திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். ஹாலில் மட்டும் திறந்த தீ, பார்வைக்காக.

விறகு சீகை (வாட்டில்) மரம், பிளந்து ஓராண்டு கூரைக்கடியில் காய்ந்தது, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ். காயாத கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எரித்தால் குழாயில் தார் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஒவ்வோர் அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம். மலைக்கு வந்தவர்கள் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி உயிர்விட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அலாரம் இல்லாமல் அறையைத் திறப்பதில்லை என்று உரிமையாளர் எழுதியே வைத்தார்.

தோடர் துணி

வால்பேப்பர் கைவிடப்பட்ட பின், உண்மையான கைவேலையையே வாங்கலாம் என்று ஊட்டிப் பக்கம் ஒரு மந்துக்கு (தோடர் குடியிருப்பு) போனார்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கருப்பும். முன்வரைவு கிடையாது, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகும். ஊசிவேலை பின்பக்கத்திலிருந்து நடக்கும். நூலைச் சுண்டி இறுக்காமல் சிறு வளையமாக விட்டுவிடுவதால், தொட்டுப் பார்த்தால் புடைப்பு விரலில் தெரியும். அச்சிட்ட வால்பேப்பரில் இல்லாதது அந்தப் புடைப்புதான்.

உரிமையாளரின் மனைவி பட்டியலோடு போயிருந்தார். "பத்து பெட் ரன்னர், அஞ்சு பாத்ரூம் மேட், எல்லாம் எருமைக் கொம்பு டிசைன்ல வேணும்மா."

துணியை மடியில் விரித்திருந்த மூத்த பெண்மணி தலை நிமிராமல் சொன்னார்: "கட்டில்ல போடறது உங்க இஷ்டம். கால் மிதிக்கிறதுக்கு நாங்க போட்டுத் தர மாட்டோம்மா. நாங்க செத்தா இதுலதான் சுத்துவாங்க."

பட்டியல் அங்கேயே மாறியது. முழுப் போர்வை இரண்டு. அறைக்கு ஒன்றாக ஐந்து குறுகிய துண்டுகள். கோலம் எது என்பது தைப்பவர்கள் விருப்பம். பாதிப் பணம் முன்பணம். ஒரு மாதத்தில் கேட்டார்கள். நான்கரை மாதம் ஆயிற்று. எருமை வேலையும் வீட்டு வேலையும் முடிந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்போது மட்டும் நடக்கிற தையல் அது. திறப்பு நாளைக்கு நெருக்கடி கொடுத்து வாங்கினால் கிடைப்பது நெருக்கடியில் தைத்த துணியாகத்தான் இருக்கும்.

போர்வைகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போடச் சொன்னார் வடிவமைப்பாளர். ஈரமலையில் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே பூஞ்சை வரும். ஹாலின் உட்சுவரில் மரக்கோலில் தொங்கவிட்டு, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினார்கள். தைத்தவர்களின் பெயரைப் பக்கத்தில் எழுதலாமா என்று கேட்டபோது ஒருவர் சரி என்றார், ஒருவர் வேண்டாம் என்றார். அப்படியே செய்யப்பட்டது.

மீதி வேலைகள்

குளியலறைத் தரைக்கு வீட்டின் இடிந்த மதில் கற்களே போதும் என்றாயிற்று. நீலகிரியின் நீலம் பாய்ந்த சார்னோக்கைட் என்ற கடினக் கல். மேற்பரப்பைக் கொத்தி, அடியில் சூட்டுப்பாய். ஈரக்காற்றை வெளியேற்றும் காற்றாடி குளியல் முடிந்தும் இருபது நிமிடம் ஓடும். அதன் குழாயை எலக்ட்ரீசியன் கூரைக்கு வெளியே கொண்டுபோகாமல் சீலிங்குக்கு மேலேயே விட்டுவிட்டார். தகரத்தின் அடியில் நீர் கோத்து 1ஆம் அறைப் படுக்கையில் சொட்டிய பிறகுதான் தெரிந்தது.

கூரையில் 2 அங்குலக் கனிமக் கம்பளி, தகரத்துக்கும் அதற்கும் இடையே ஓரங்குலக் காற்றிடைவெளி. மழைச் சத்தம் கேட்கவே கூடாது என்றார் உரிமையாளர். தகரத்தில் மழை விழும் ஓசைக்காகவே பாதிப் பேர் இந்த மாதிரி வீட்டுக்கு வருகிறார்கள். கம்பளி அந்த ஓசையைக் குறைத்தது, கொல்லவில்லை. இரு தரப்பும் அதோடு ஒத்துக்கொண்டது.

சமையலறைக் கண்ணாடிக் கதவு போய் 2 அங்குலக் கெட்டிப் பலகைக் கதவும் இரும்புத் தாழும் வந்தன. எண்ணெய் வாசத்துக்குக் கரடி வருகிற ஊர் கோத்தகிரி. விளக்குகள் எல்லாம் 2,700 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம்.

விளைவு

இரண்டாம் ஆண்டின் அக்டோபர்-டிசம்பர் மழையை விருந்தினர் இல்லாமல், ஊழியர்களை அறைகளில் தங்கவைத்தே கடந்தார்கள். திறப்பு அதற்கடுத்த ஏப்ரல். முதல் திட்டத்தைவிட ஓராண்டு தாமதம்.

அந்த மழையில் வெளியே 95 சதவீதம் இருந்த விடியற்காலைகளில், மாலை அடுப்பு எரித்த அறைகளுக்குள் 66 முதல் 74. இழுப்பறை எதுவும் சிக்கவில்லை. ஹால் தரையில் வாசனை போய்விட்டது.

குறைகளும் உண்டு. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தவர்களின் கருப்பு உடையில் வெள்ளை ஒட்டியது. படுக்கையும் நாற்காலியும் வரும் இடங்களில் மூன்றடி உயரத்துக்குப் பட்டைப்பலகை அடித்தார்கள், அதன் பின்னால் காற்று ஓட மேலும் கீழும் இடைவெளி விட்டு. கிழக்குக் காற்று அடித்தால் ஹால் கணப்பு புகையை உள்ளே தள்ளியது. புகைபோக்கித் தலையில் மூடி வைத்தபின் குறைந்திருக்கிறது. வராந்தாவில் நேர்வெயில் படும் பலகைகள் ஆறு கிண்ணமாக வளைந்தன. 'நீலகிரி டிசைன் எங்கே?' என்று கேட்கும் விருந்தினர்களும் வருகிறார்கள். படத்துக்கு ஏற்ற சுவர் ஒன்றுகூட இல்லை என்று எழுதிவிட்டுப் போனவர் ஒருவர்.

மறுபடி செய்வதானால்

வரைபடத்துக்கு முன் ஈரமானி. வீடு வாங்கிய கையோடு ஐந்து அறையிலும் மானி வைத்து ஓர் ஐப்பசி-கார்த்திகையைப் பதிவு செய்திருந்தால் மாதிரி அறையே தேவைப்பட்டிருக்காது. தரையடியைத் திறந்து பார்ப்பது முதல் நாள் வேலையாக இருந்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊர்ப் பெரியவர் சொல்லித் தெரிந்தது. தோடர் துணிக்கான முன்பணம் கடைசியில் போகாமல் முதலிலேயே போயிருக்கலாம். சுண்ணாம்பு போடும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆள் கூலி ஒப்பந்தத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும். வராந்தாவுக்குப் பலகைக்குப் பதில் அதே மதில் கல்.

4ஆம் அறையின் வடமேற்கு மூலை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. சீலிங்கைத் தொடும் இடத்தில் உள்ளங்கை அகலப் பூஞ்சை கார்த்திகையில் திரும்பி வந்தது. அந்த மூலைக்கு மேல் தகரத்தின் மடிப்பில் கசிவா, சுவரின் குளிரா என்று இதுவரை பிரித்தறிய முடியவில்லை. இந்த மழைக்கு முன் மடிப்பை மட்டும் மாற்றிவிட்டு, சுவரைத் தொடாமல் விட்டுப் பார்ப்பதாகத் திட்டம். கட்டில் இப்போதைக்கு அந்த மூலையிலிருந்து இரண்டடி தள்ளிக் கிடக்கிறது.